உப்புக் கை

செடிகளைக் கொன்றது நான். பழியைத் தூக்கி ஒரு கிழவரின் கைமேல் போட்டேன். வாய்தவறிச் சொன்னதல்ல, தெரிந்தே சொன்ன பொய்... நினைத்தால் இன்றும் எனக்கு என்மேலேயே வெறுப்பு வருகிறது.

கறம்பக்குடிக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லம். அங்கே பூந்தோட்டம் போடத் தன்னார்வலர்கள் சிலர் கிளம்பினோம். தலைமை நான்தான். சேவையாம், சேவை! செம்பருத்தி, நந்தியாவட்டை, அரளி என்று நர்சரியிலிருந்து வண்டி நிறையக் கன்றுகள் வந்து இறங்கின.

குழிகள் தயாராக இருந்தன. கன்று நட வந்திருந்த சிறப்பு விருந்தினருக்கோ அடுத்த கூட்டத்துக்குப் போகும் அவசரம். கன்றைச் சுற்றியிருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் பையைக் கிழித்தால் மண் உதிரும், அவருடைய வெள்ளை வேட்டி பாழாகும்.

"பையோடயே வச்சு மண்ணைத் தள்ளுங்க. போட்டோ முடியட்டும், நாளைக்குப் பிரிச்சு நட்டுக்கலாம்" என்றேன். வேறு யாரும் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன்.

அந்த 'நாளைக்கு' வரவேயில்லை. படத்தைப் பார்த்து ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. குழிக்குள் மூச்சுமுட்டிக் கிடந்த வேர்களை ஏன் நினைக்கப்போகிறேன்?

அந்த இல்லத்தில் குனிந்து நிமிர முடிந்தவர் காளிமுத்து ஒருவர்தான். ஜெகதாப்பட்டினத்துக்காரர். ஆயுள் முழுக்கக் கடலில் வலை இழுத்தவர், மண்வெட்டி பிடித்தறியாதவர். விவசாயியாக இருந்திருந்தால் செடி சுணங்கியதுமே மண்ணைக் கிளறிப் பார்த்திருப்பார். இவர் பாவம், வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து ஊற்றினார். காலையில் எழுந்திருக்க அவருக்கென்று ஒரு வேலை கிடைத்துவிட்டது என்று இல்லத்துச் சமையற்காரம்மா சந்தோஷமாகச் சொன்னார்.

இரண்டு மாதம் கழித்துப் போனேன். செடிகள் எல்லாம் கருகி நின்றன. ஒரு செம்பருத்தியைப் பிடித்து இழுத்தேன். பையோடு வந்தது. உள்ளே வேர் சுருண்டு, அழுகி... அந்த நாற்றம்! சுற்றிலும் பார்த்தேன். யாருமில்லை. அவசரமாகத் திரும்ப அமுக்கிச் செருப்புக் காலால் மண்ணைத் தள்ளினேன். ஆமாம், செருப்புக் காலால்தான்.

காளிமுத்து வாளியோடு வந்தார்.

"நான் ஒருநாளும் தவறலை ஆத்தா. அப்படியும் பட்டுப்போச்சு. என் கை உப்புக் கை, பச்சை தங்காதுங்கிறாக. அதுனாலயா இருக்குமா?"

உண்மையைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு வார்த்தை போதும்! நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"இருக்கலாம்யா... எல்லாருக்கும் கைராசி அமையாதுல்ல?"

அவர் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். கைலியில் துடைத்துக்கொண்டார். வாளியை ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனார். எனக்கு நிம்மதியாக இருந்தது! இதை எழுதவே அருவருப்பாக இருக்கிறது, ஆனாலும் நிம்மதியாகத்தான் இருந்தது.

மழைக்காலத்தில் புதுக் கன்றுகள் கொண்டுபோனேன். பழைய பைகளை நானே தோண்டி எடுத்து, சாக்கில் திணித்து, யார் கண்ணிலும் படாமல் காரில் ஏற்றினேன். களவாணிகூட அவ்வளவு கவனமாக இருக்கமாட்டாள். இந்தத் தடவை பையைக் கிழித்து நட்டேன். எல்லாம் தழைத்தன.

பிராயச்சித்தம் என்று எண்ணிக்கொண்டு ஒரு நந்தியாவட்டைக் கன்றைக் காளிமுத்துவிடம் நீட்டினேன். வாங்கவில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேணாம் ஆத்தா. இதாவது பொழைக்கட்டும்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அந்தக் கன்றையும் நானே நட்டுவிட்டு வந்தேன்.

அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். நானும் மாதந்தோறும் போய்வருகிறேன். தோட்டத்துக்குள் கால் வைக்கமாட்டார். தண்ணீர்க் குழாயைக்கூட வேறு யாராவது திறக்கட்டும் என்று காத்திருப்பார். இத்தனையையும் உங்களிடம் சொல்கிறேனே, அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் எப்பேர்ப்பட்ட பிறவி?

போன தடவை பூத்துக் குலுங்கிய செம்பருத்தியைத் தள்ளி நின்று பார்த்தார்.

"ஒன் கை ராசியான கை ஆத்தா" என்றார்.

நான் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன்.