சோளகத்தின் மேல் போட்ட பழி

நானும் அவளும் ஒரே விளையாட்டுக் கழகத்துக்காகச் சைக்கிள் ஓடினோம். எனக்கு இருபத்துநாலு வயது, அவளுக்கு ஒரு வயது குறைவு. நான் கொக்குவிலிலிருந்து மானிப்பாயில் உள்ள ஒரு பாமசிக்கு வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். அவள் சண்டிலிப்பாயில் தன் வீட்டுக்கு அருகே இருந்த முன்பள்ளியில் படிப்பித்தாள். அவளுக்குத் தகப்பன் இல்லை. தாய்தான் வெங்காயமும் கத்தரியும் நட்டு அவளையும் தங்கையையும் வளர்த்தார்.

யாழ்ப்பாணத்தில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. இங்கே வேகம் என்றால் அது முழுக்கக் காலிலிருந்தும் நெஞ்சிலிருந்தும் வரவேண்டும். உதவிக்கு வருவதும் தடுப்பதும் காற்று ஒன்றுதான். அதனால் சைக்கிள் ஓட்டத்துக்குப் பழகுகிறவர்கள் முதலில் காற்றைத்தான் படிப்பார்கள். முன்னால் போகிறவள் காற்றை உடைப்பாள். பின்னால் ஒட்டிப் போகிறவள் அந்த மறைவில் கொஞ்சம் இளைப்பாறிக்கொள்ளலாம். ஆனால் நன்றாக ஒட்ட வேண்டும். எனது பின்சில்லுக்கும் அவளது முன்சில்லுக்கும் இடையில் ஒரு சாண்தான் இருக்கும். அந்த ஒரு சாண் இடைவெளியில் மணிக்கு நாற்பது கிலோமீற்றர் வேகத்தில் ஓடுவதற்கு முன்னால் போகிறவள் மேல் நம்பிக்கை வேண்டும். பள்ளம் வந்தால் அவள் சொல்லுவாள், நாய் குறுக்கே வந்தால் கத்துவாள், சொல்லாமல் பிரேக் பிடிக்கமாட்டாள் என்ற நம்பிக்கை. இரண்டு வருடம் விடியற்காலையில் நாங்கள் அப்படி ஓடினோம். சில நாட்களில் காற்று சரியாக முதுகுக்குப் பின்னால் வந்து, காற்றின் வேகமும் எங்களின் வேகமும் ஒன்றாகிவிடும். அப்போது காதில் இரைச்சல் சட்டென்று நின்றுபோகும். செயினின் சத்தம் மட்டும் கேட்கும். அந்த அமைதிக்குள் நுழைந்ததும் அவள் பின்னாலிருந்து சின்னப்பிள்ளை மாதிரிச் சிரிப்பாள். நானும் சிரிப்பேன்.

அந்த வருடப் பெண்கள் ஓட்டம் கொக்குவிலில் தொடங்கி, சுன்னாகம், தெல்லிப்பளை வழியாகக் கீரிமலைக்குப் போய், அங்கிருந்து இளவாலை, பண்டத்தரிப்பு, சண்டிலிப்பாய் வழியாக மானிப்பாயில் முடிவதாக இருந்தது. இருபது பேரளவில் ஓடினோம். சோளகக் காற்று வீசும் மாதம். தென்மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்று போகும்போது எங்களைத் தள்ளிக்கொண்டு போனது. கீரிமலையில் கடலைக் கண்டு திரும்பியதும் அதே காற்று முகத்திலும் வலது தோளிலும் வந்து மோதியது. கேணியில் குளித்துவிட்டு ஈரத் துணியோடு கோயிலுக்குப் போனவர்கள் வீதியோரத்தில் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். இளவாலை வரும்போது கூட்டம் உடைந்து நாலு பேரானோம். பண்டத்தரிப்புக்குப் பிறகு நானும் அவளும் மட்டும்தான்.

முதல்நாளே பேசி வைத்திருந்தோம். சண்டிலிப்பாய் வரைக்கும் மாறி மாறிக் காற்றை உடைப்பது. அதைத் தாண்டினால் உன்பாடு, என்பாடு.

"எடி, கெதியாப் போ, பின்னாலை வாறாளவை!" என்று அவள் கத்தினாள்.

"வரட்டும். நீ மூச்சைப் பிடிச்சு வைச்சிரு."

சண்டிலிப்பாய்ச் சந்தியில் அவளின் தாயும் தங்கையும் நின்றார்கள். தங்கை துள்ளித் துள்ளிக் கை தட்டினாள். தாய் சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். பெண்பிள்ளைகள் இப்படிக் குனிந்து நெளிந்து ஓடுவது அவருக்குப் பிடிக்காது. ஆனாலும் வந்திருந்தார்.

கடைசி அரைக் கிலோமீற்றரில் நான் முன்னால் இருந்தேன். காற்று வலப்பக்கத்திலிருந்து அடித்தது. அதனால் அவள் எனக்கு இடப்பக்கம் சற்றுப் பின்னால், என் மறைவில் வந்தாள். என் கால்கள் எரிந்தன. அவள் என் மறைவில் இளைப்பாறிக்கொண்டு வருகிறாள் என்பது எனக்குத் தெரியும். முடிவிடத்தில் கட்டியிருந்த துணிப்பதாகை தெரிந்தபோது பின்னால் அவள் கியர் மாற்றிய சத்தம் கேட்டது. அடுத்த கணம் என் இடது கைக்குக் கீழே அவளின் முன்சில்லு எட்டிப் பார்த்தது. எனக்கும் வீதியோரத்துக்கும் இடையில் ஒரு சைக்கிள் போகக்கூடிய இடம் இருந்தது. அதற்குள் வந்தாள்.

நான் இடப்பக்கம் விலகினேன்.

எவ்வளவு என்று கேட்டால், ஒரு முழத்துக்கும் குறைவு. அவளுக்கு இருந்த இடமும் அவ்வளவுதான். என் பின்சில்லில் ஏதோ தட்டுப்பட்டது. பிறகு தகரத்தை நிலத்தில் எறிந்தது போல ஒரு சத்தம். சனம் ஒரே குரலில் 'ஐயோ' என்றது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து இன்னும் பலமாக மிதித்தேன். பதாகையைத் தாண்டியபோது இரண்டு கைகளையும் விட்டு மேலே தூக்கினேன். அதை எழுதாமல் விட்டால் இதை எழுதுவதில் பயனில்லை. அந்தக் கடைசிப் பத்து விநாடிகளில் எனக்கு இருந்த சந்தோசம் அதற்கு முன்னும் பின்னும் எனக்குக் கிடைத்ததில்லை.

சைக்கிளை யாரிடமோ கொடுத்துவிட்டு ஓடி வந்தேன். அவள் வீதியோர மதகின் சுவரில் தலை அடிபட்டு விழுந்து கிடந்தாள். ஹெல்மெட் இரண்டாகப் பிளந்திருந்தது. இடது காதிலிருந்து இரத்தம் மெல்ல வந்துகொண்டிருந்தது. கண்கள் திறந்திருந்தன, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. அம்புலன்ஸ் வந்து ஏற்றிப் போன பிறகு நடுவர் என்னிடம் வந்தார். அவர் எங்கள் எல்லோருக்கும் தெரிந்த, ஓய்வு பெற்ற ஆசிரியர்.

"என்ன பிள்ளை நடந்தது?"

"காத்து, சேர். சோளகம் என்னைத் தள்ளிப்போட்டுது."

நான் யோசித்துச் சொன்ன பொய்யல்ல அது. வாய் தானாகச் சொன்னது. நடுவர் நிமிர்ந்து பனைகளின் தலைகளைப் பார்த்தார். அவை எல்லாம் ஒரே பக்கம் சரிந்து ஆடிக்கொண்டிருந்தன.

"ஓம், இண்டைக்குக் காத்து மோசம்தான்," என்று சொல்லி எழுதிக்கொண்டார்.

யாரோ ஒருவர் போனில் படம் பிடித்திருந்தார். முன்னால் நின்று பிடித்த படம். அதில் என் முகமும் தூக்கிய கைகளும் பெரிதாகத் தெரிந்தன. எனக்குப் பின்னால், மிகச் சிறிதாக, அவள் விழுந்தாள். யார் விலகினார்கள் என்று அதில் தெரியவில்லை.

மூன்று கிழமை ஆஸ்பத்திரியில் இருந்தாள். உயிர் தப்பிவிட்டாள், கை கால் முறியவில்லை, கும்பிட்ட தெய்வம் காப்பாற்றியது என்று எல்லோரும் சொன்னார்கள். எழும்பி நின்றபோதுதான் தெரிந்தது. இடது காது கேட்கவில்லை. நின்றால் நிலம் ஒரு பக்கமாகச் சரிந்தது. காதின் உள்ளே உடம்பின் சமநிலையைக் காக்கும் நரம்பு போய்விட்டது, காலப்போக்கில் நடக்கப் பழகிவிடுவாள், ஆனால் சைக்கிளை மறந்துவிடுங்கள் என்று டொக்டர் சொன்னார்.

சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்தாள். கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தால்தான் அவளால் நிற்க முடியும். கிணற்றடியில் தலைக்குச் சவர்க்காரம் போட்டுக் கண்ணை மூடினால் விழுந்துவிடுவாள். அதனால் குளிக்கும்போது தாய் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. முன்பள்ளியில் குனிந்து பிள்ளைகளைத் தூக்க முடியாமல் ஒரு மாதத்தில் வேலையை விட்டாள்.

நான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனேன். விறாந்தையில் அவளுடைய வலப்பக்கம், கேட்கும் காதுப் பக்கம், கதிரையைப் போட்டு இருப்பேன். அவள் அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமல் விட்டது எனக்கு ஆறுதலாக இருந்தது. தாய் தேத்தண்ணி கொண்டுவந்து தருவார்.

"நீ ஒருத்திதான் பிள்ளை மறக்காமல் வாறாய்," என்பார். பிறகு மகளின் பக்கம் திரும்புவார். "ரோட்டைப் பாத்து ஓடத் தெரியாதவளுக்கு என்னத்துக்கு உந்த ஓட்டம்? முன்னாலை போறவள் காத்திலை ஆடுறாள் எண்டு தெரிஞ்சால் விலத்தி ஓட வேண்டாமே? பேய் மாதிரிப் போய் விழுந்திட்டு, இப்ப நான் கிணத்தடியிலை காவல் நிக்கிறன்."

அவள் என்னைப் பார்ப்பாள். நான் தேத்தண்ணியைப் பார்ப்பேன். இப்படி ஒரு வருடம் போனது.

அடுத்த வருட ஓட்டத்துக்கு நான் பெயர் கொடுத்தேன். ஏன் கொடுத்தாய் என்று என் அண்ணை கேட்டபோது, ஓடாமல் இருந்தால் சனம் ஒருமாதிரிக் கதைக்கும் என்றேன். அது காரணமல்ல. எனக்கு அந்த வேகம் வேண்டியிருந்தது. அதே பாதை, அதே சோளக மாதம். கடைசிக் கிலோமீற்றரில் ஆறு பேர் இருந்தோம், நான் முன்னுக்கு. அவள் விழுந்த மதகைக் கடந்து சிறிது தூரத்தில் என் இடது கைக்குக் கீழே ஒரு முன்சில்லு எட்டிப் பார்த்தது. சாவகச்சேரிப் பக்கத்திலிருந்து முதல் தடவையாக ஓட வந்த ஒரு பெண்ணின் சில்லு.

என் முழங்கை தானாக வெளியே வந்தது. உடம்பு இடப்பக்கம் போகத் தொடங்கியது.

அன்றைக்குக் காற்று அவ்வளவு பலமாக இல்லை. அதுவரை நான் எனக்கே சொல்லி வந்த கதை, அரைவாசி நான், அரைவாசி காற்று என்பது. அந்தக் கணத்தில் அது முடிந்தது. இரண்டு பிரேக்கையும் பிடித்தேன். பின்னால் வந்தவர்கள் ஏசிக்கொண்டு என் இரு பக்கத்தாலும் போனார்கள். காலை ஊன்றி நின்றேன். பதாகைக்கு நூறு மீற்றர் இருந்தது. சைக்கிளைத் திருப்பி, முதுகில் போட்டி இலக்கத்தோடு, வந்த வழியே சண்டிலிப்பாய்க்கு ஓடினேன்.

அவள் விறாந்தையில் தனியே இருந்தாள். என் கோலத்தைக் கண்டதும் ஓட்டம் முடியவில்லை என்று விளங்கிக்கொண்டாள்.

"என்னடி, விழுந்தனியோ?"

"இல்லை." கதிரையை எடுக்காமல் அவளுக்கு முன்னால் நிலத்தில் இருந்தேன். "போன வருஷம் என்னைக் காத்துத் தள்ளேல்லை. நீ வாறது எனக்குத் தெரியும். நான்தான் மறிச்சனான்."

அவள் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து இருந்தாள்.

"எனக்குத் தெரியும்," என்றாள்.

"எப்பிடி?"

"ரெண்டு வருஷம் உன்ரை முதுகைப் பாத்துக்கொண்டுதானே ஓடினனான். காத்து அடிச்சால் உனக்கு முதல்லை வலது தோள் பதியும். பிறகுதான் சைக்கிள் அசையும். அண்டைக்குத் தோள் பதியேல்லை. முழங்கை வந்தது."

"பிறகேன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"நீ சொல்லுவாய் எண்டு பாத்தனான். முதல் ஞாயிற்றுக்கிழமை வந்தாய், சொல்லேல்லை. அடுத்த ஞாயிறும் வந்தாய். பிறகு எனக்கு அலுத்துப்போச்சு." குரல் உயரவில்லை. "மறிச்சதுக்கு நான் உன்னோடை கோவிக்கேல்லை. ஒருவேளை நானும் மறிச்சிருப்பன். ஆனால் அம்மா எனக்கு ஏசேக்கை நீ பக்கத்திலை இருந்து கேட்டுக்கொண்டிருந்தாய். ஐம்பது ஞாயிறு. இப்ப போய் அம்மாட்டைச் சொல்லு."

தாய் வீட்டுக்குப் பின்னால் சாக்கின் மேல் இருந்துகொண்டு வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டிக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே சொன்னேன். முதல்தரம் சொன்னது அவருக்கு விளங்கவில்லை. "காத்துத்தானே பிள்ளை?" என்று கேட்டார். இரண்டாம்தரம் சொன்னேன். கையிலிருந்த பிடியைக் கட்டி முடித்து, பக்கத்தில் வைத்தார். அடுத்ததை எடுக்கவில்லை.

"நான் அவளுக்கு ஒரு வருஷமாய் ஏசினன்," என்றார். "கடவுள் உன்னைக் கொண்டுபோயிருக்கலாம் எண்டு கூடச் சொன்னனான். அவள் ஒரு சொல்லுத் திருப்பிச் சொல்லேல்லை."

"அன்ரி..."

"நீ இந்த வீட்டிலை இருந்து தேத்தண்ணி குடிச்சனி."

அவர் எழுந்து, கையில் ஒட்டியிருந்த சருகைத் தட்டிவிட்டு, என்னைக் கடந்து விறாந்தைக்குப் போனார். நான் வெளியே வந்தபோது மகளின் காலடியில் இருந்துகொண்டு அவள் முழங்காலில் முகத்தை வைத்து அழுதுகொண்டிருந்தார். அவள் ஒரு கையால் கதிரையைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையைத் தாயின் தலையில் வைத்திருந்தாள். என்னைக் கண்டாள். தலையை மெல்ல அசைத்தாள். போ என்று அர்த்தம். போனேன்.

நடுவரிடமும் போய்ச் சொன்னேன். அவர் "உந்த விசயத்தை இப்ப கிளறி என்ன பிள்ளை செய்யிறது? முடிஞ்ச கதை," என்றார். வெற்றிக் கிண்ணத்தை அவரின் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். பதிவில் இன்னமும் என் பெயர்தான் இருக்கிறது. கழகத்தில் விசயம் பரவியது. சிலர் என்னோடு கதைப்பதை விட்டார்கள். சிலர் ஓட்டம் என்றால் அப்படித்தான் என்று ஆறுதல் சொன்னார்கள். ஆறுதல் சொன்னவர்களைத்தான் எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு நான் போட்டிகளில் ஓடவில்லை. பெரிய தியாகம் என்று யாரும் நினைக்க வேண்டாம். என் முழங்கையை நான் நம்பவில்லை, அவ்வளவுதான்.

போன ஆவணியில் கொக்குவிலில் ஒரு கலியாணத்துக்குப் போனேன். பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் அவளின் தாய் எனக்கு முன்னால் நின்றார். திரும்பியவர் என்னைக் கண்டுவிட்டார். விலகிப் போக இடமில்லை.

"அன்ரி, அவள் எப்பிடி?"

அவர் சொல்லமாட்டார் என்றுதான் நினைத்தேன். குழாயை மூடினார்.

"இப்ப வேலைக்குப் போறாள். ஒரு கந்தோரிலை, ரெலிபோனுக்குப் பதில் சொல்லுற வேலை."

"எப்பிடிப் போறவள்?"

"பஸ்ஸிலை. ஏறேக்கை நான் பிடிச்சு ஏத்திவிடுவன். இறங்கிற இடத்திலை தங்கச்சிக்காறி போய் நிப்பாள்." சீலைத் தலைப்பில் கையைத் துடைத்தார். "நாலு மாதத்திலை ஒருக்கால்தான் விழுந்தவள்."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் இடம் கேட்டார்கள். அவர் என்னைத் தொடாமல் ஒதுங்கி மண்டபத்துக்குள் போனார். அவளும் கலியாணத்துக்கு வந்திருந்ததை அப்போதுதான் கண்டேன். உள்ளே யாரோ ஒருத்தியை வலப்பக்கம் இருத்தி வைத்து, அந்தப் பெண் சொல்வதைத் தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் மற்ற வாசலால் வெளியே வந்தேன்.