அக்காவுக்குப் போட்ட ஊசி

கடையில் அவளை எல்லோரும் ஏணியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அது திரைச்சீலைக் கடை. வீடு வீடாகப் போய் ஜன்னலை அளப்பதும், தைத்த திரையைக் கொண்டுபோய் மாட்டிவிட்டு வருவதும் அவள் வேலை. யாரும் பிடிக்காமலே ஏணியின் உச்சிக்கு ஏறி, நாலைந்து கொக்கிகளை உதட்டில் கவ்விக்கொண்டு இரண்டு கையாலும் மாட்டுவாள். வாயில் கொக்கி இருக்கும் நேரத்தில் மட்டும்தான் அக்கா பேசாமல் இருப்பாள் என்று கடையில் கேலி செய்வார்கள்.

வீட்டில் அவளும் தம்பியும் மட்டும்தான். அம்மா போனபோது அவன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். தனக்குக் கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம், தம்பி தலையெடுக்கட்டும் என்று தள்ளிப்போட்டாள். பிறகு பேச்சு வருவதே நின்றுவிட்டது. அவன் வளர்ந்து சைக்கிள் கடையில் மெக்கானிக் ஆனான். ஓய்வு நாளில் சைக்கிள் பந்தயத்துக்குப் போவான். பெரும்பாலும் கூட்டத்தோடு கூட்டமாக வந்து சேர்வான். அவள் ரோட்டோரம் நின்று, முதலில் வந்தவனுக்குத் தட்டுவதைவிட அவனுக்குப் பலமாகக் கைதட்டுவாள்.

கால் வீங்குகிறதே என்று ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான் சிறுநீரகம் பழுதாகிவருவது தெரிந்தது. டயாலிசிஸ் இப்போதைக்கு வேண்டாம், மருந்தும் பத்தியமும் போதும் என்றார் டாக்டர். ஆனால் ஹீமோகுளோபின் இறங்கிவிட்டது. ரத்தம் ஊறு என்று உடம்புக்கு உத்தரவு கொடுப்பதே சிறுநீரகம்தானாம். அது சோர்ந்துவிட்டதால் அந்த உத்தரவை ஊசி வழியாகக் கொடுக்க வேண்டும், வாரம் ஒன்று, மருந்தை ஃப்ரிட்ஜில் வைத்துக்கொள்ளலாம் என்று விளக்கினார்.

ஏணிக்குப் பயப்படாதவளுக்கு ஊசி என்றால் உயிரே போய்விடும். நர்ஸிடம் தம்பிதான் போடக் கற்றுக்கொண்டான். அவள் கையை நீட்டிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். அவன் ஏதாவது கதை சொல்லிக்கொண்டே போட்டுவிடுவான். வலித்ததா என்று கேட்டு, பஞ்சால் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்திருப்பான்.

முதல் சில மாதங்கள் நன்றாகவே போயின. முகத்தில் களை வந்தது. பிறகு ஹீமோகுளோபின் மறுபடியும் இறங்கத் தொடங்கியது. மாடிப்படியில் பாதியிலேயே மூச்சு வாங்கியது. டாக்டர் இரும்புச்சத்தைச் சோதித்தார்; குறையில்லை. எங்காவது ரத்தம் கசிகிறதா என்று பார்த்தார், அதுவும் இல்லை. ஊசியின் அளவைக் கூட்டினார். அப்படியும் ஏறவில்லை.

ஒழுங்காகத்தான் போடுகிறீர்களா என்று டாக்டர் கேட்டார். தம்பி பக்கத்திலேயே நின்றான்.

"நானே என் கையால போடறேன் டாக்டர். இவங்கதான் சரியா சாப்பிடறதில்ல. சொன்னா கேக்கமாட்டேங்கறாங்க, நீங்களே கேளுங்க."

டாக்டர் கண்டித்தார். ஏணியக்கா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். தன் உடம்புக்குத் தானே துரோகம் செய்வதாக அவளுக்குத் தோன்றியது. அன்றிலிருந்து பசிக்கிறதோ இல்லையோ, தட்டில் வைத்ததை மிச்சம் வைக்காமல் விழுங்கினாள்.

அந்தச் சமயத்தில்தான் தம்பி பந்தயங்களில் முன்னால் வர ஆரம்பித்தான். மேட்டில் அவனைப் பிடிக்க ஆளில்லை என்றார்கள். ஒரு கோப்பையைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தான். தன் சோர்வை மறந்து அதைத் தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்தாள்.

ஒருநாள் ஒரு வீட்டின் வரவேற்பறையில் கண் இருட்டிக்கொண்டு ஏணியிலிருந்து விழுந்தாள். நல்லவேளை, எலும்பு முறியவில்லை. ஆனால் வேறு வழியில்லாமல் ரத்தம் ஏற்ற வேண்டியதாயிற்று. டாக்டர் அதுவரை தவிர்த்துவந்த காரியம் அது. வேறொருவர் ரத்தம் உடம்பில் ஏறினால், நாளைக்கு மாற்றுச் சிறுநீரகம் தேவைப்படும்போது பொருத்தமானது கிடைப்பது கடினமாகலாம் என்று முன்பே சொல்லியிருந்தார். ரத்தம் ஏறி முடியும்வரை தம்பி கட்டிலருகே உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தான். கண் கலங்கியிருந்தது. என் பிள்ளை என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் வேலைக்குத் திரும்பியிருந்த நேரத்தில், பந்தயம் முடிந்த கையோடு அவனை அதே ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். கெண்டைக்கால் கல் போல வீங்கியிருந்தது. உள்ளே ரத்தம் கட்டியிருந்தது. அவசரப் பிரிவில் இருந்த பெண் டாக்டர் வெளியே வந்து அவளைத் தனியே அழைத்தார். இந்த வயதுப் பையனுக்கு இப்படி ஆவது அபூர்வம், ஹீமோகுளோபின் இருக்க வேண்டியதைவிட எக்கச்சக்கமாக இருக்கிறது, ரத்தம் குழம்பு மாதிரி கெட்டியாகிவிட்டது என்றார்.

"வீட்ல யாராவது ரத்தம் ஊறறதுக்கு ஊசி போட்டுக்கறாங்களா?"

ஏணியக்கா பக்கத்தில் இருந்த நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தாள். பிறகு, "நான்தான்மா போட்டுக்கறேன்," என்றாள். அடுத்த நொடி, "போட்டுக்கறதா நெனச்சுட்டிருந்தேன்," என்றாள்.

கால் வீக்கம் வடிந்து வார்டுக்கு மாற்றிய பிறகு அவனே ஒப்புக்கொண்டான். அந்த மருந்தைப் போட்டுக்கொண்டால் ரத்தம் கூடி மேட்டிலும் மூச்சு வாங்காது என்று கூட ஓட்டுகிற ஒருவன்தான் சொன்னானாம். முதலில் ஒரே ஒரு வாரம் என்று நினைத்தானாம். மருந்தைத் தான் போட்டுக்கொண்டு, அவளுக்கு வெறும் உப்புநீரை ஏற்றிய ஊசியைப் போட்டான். அப்புறம் ஒரு வாரம் அவளுக்கு, ஒரு வாரம் தனக்கு. டாக்டர் அளவைக் கூட்டியபோது அவனுக்கும் கூடுதலாகக் கிடைத்தது.

"டோஸைக் கூட்டினா உனக்கும் சரியாயிடும்னு நெனச்சேன்க்கா. சத்தியமா உனக்கு இவ்ளோ ஆகும்னு தெரியாது."

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ எடுத்துக்கிட்டதைக்கூட விடு. கேட்டிருந்தா நானே கொடுத்திருப்பேனோ என்னமோ, அவ்ளோ கிறுக்கு நான். டாக்டர் முன்னாடி என்னை நிக்கவெச்சு, சரியா சாப்பிடறதில்லன்னு சொன்னியே. நானும் என் மேலதான் தப்புன்னு தின்னுதின்னு வாந்தி எடுத்தேனே. அப்போ உன் வாயில இருந்து ஒரு வார்த்தை வரலையேடா."

அவன் அழுதான். தன் சிறுநீரகத்தையே கொடுப்பதாகச் சொன்னான்.

"அதை டாக்டர்கிட்ட சொல்லு. எனக்கு வாக்கு கொடுக்காத."

டாக்டரிடமும் சொன்னான். ரத்தம் கட்டியவனை அவ்வளவு சீக்கிரம் சிறுநீரகம் கொடுப்பவர் வரிசையில் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டார்.

சில வாரங்கள் கடையில் துணி வெட்டுகிறவள் வந்து ஊசி போட்டாள். பிறகு ஏணியக்கா தானே போடக் கற்றுக்கொண்டாள். முதல் தடவை முகத்தைத் திருப்பிக்கொண்டு குத்தியதில் ஒரு ஊசி வீணாயிற்று. ஹீமோகுளோபின் மெல்ல ஏறியது. டாக்டர் அவளைத் திட்டியதற்கு வருத்தம் தெரிவித்தார். அதைக் கேட்டு அவள் விக்கி விக்கி அழுதாள். வார்டில்கூட அப்படி அழவில்லை.

தம்பி இப்போது சைக்கிள் கடைக்கு மேலே ஓர் அறையில் இருக்கிறான். பந்தயம் இல்லை, ரத்தம் கட்டாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறான். ஊரார் கேட்டால் வேலைக்குப் பக்கமாக இருக்கிறது என்பாள். ஆஸ்பத்திரிக்கு வெளியே யாரிடமும் அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. மாதம் ஒருமுறை வருவான். சாப்பாடு போடுவாள், அவனுக்குப் பிடித்ததாகத்தான் சமைப்பாள். கால் எப்படி இருக்கிறது என்றும் கேட்பாள். தண்ணீர் எடுக்கிறேன் என்று அவன் ஃப்ரிட்ஜ் பக்கம் போக எழுந்தால் மட்டும், "நீங்க உக்காருங்க, நான் கொண்டு வரேன்," என்பாள். முன்பெல்லாம் அவனை வாடா போடா என்றுதான் அழைப்பாள்.