பதினொரு மணி கொச்சி விமானம்

கம்பெனி ஆளுங்களுக்கு விமான டிக்கெட் போட்டுக் குடுக்கற எங்க தொழில்ல, யாருக்கும் அவங்களுக்குப் பிடிச்ச விமானத்தக் குடுத்துடக் கூடாதுங்கறதுதான் மொதப் பாடம். கம்பெனி காசுல ஊரெல்லாம் சுத்திப் பறந்து, கழுத்து வலியோட எறங்கி, "டிராவல் டெஸ்க்ல எவ உக்காந்திருக்கா?"னு மனசுக்குள்ள திட்டியிருப்பீங்களே, அவ நான்தான். பேரு ஷமீம். திட்டினதுக்கெல்லாம் கோவம் இல்ல. நானும் உங்க கட்சிதான்னு சொல்லத்தான் இத எழுதறேன்.

திருவண்ணாமலை செங்கம் ரோட்டுல, மருந்துக்கடைக்கு மேல எங்க ஆபீஸ். நானும் கவிதாவும் காதுல ஹெட்போன் மாட்டிக்கிட்டு உக்காந்திருப்போம். சென்னையில ஒரு மோட்டார் கம்பெனி. அதோட ஆளுங்க எங்க பறக்கணும்னாலும் எங்களுக்குத்தான் போன் பண்ணணும். அந்தக் கம்பெனி ஒரே ஒரு விமான நிறுவனத்தோட ஒப்பந்தம் போட்டு வச்சிருக்கு. அத நாங்க 'நம்ம விமானம்'னு சொல்லுவோம். மத்ததெல்லாம் 'ஆகாத விமானம்', சண்டை போட்ட சம்பந்தி மாதிரி.

என் சீட்டுக்கு நேரா ஜன்னல். ஜன்னல் நெறைய மலை. மலை உச்சியில மேகம் வந்து படுத்துச்சுன்னா எனக்குக் கீபோர்டுல கை ஓடாது. பதினொரு மணி வாக்குல, சென்னையிலேருந்து கொச்சிக்கு நேராப் போற விமானம் ஒண்ணு சரியா எங்க ஊருக்கு மேல போகும். மொதல்ல சத்தம் வரும், அப்புறம் மலைக்குப் பின்னால வெள்ளையா ஒரு புள்ளி வரும். அது ஆகாத விமானம். அதுல ஒருத்தரக்கூட ஏத்த எனக்கு அதிகாரம் இல்ல. ஆனா என் மனசு தெனம் அதுல ஏறிப் போயிடும். அந்த நேரத்துல எங்க வீட்டு மொட்டை மாடியில எங்கம்மா துணி ஒதறிக்கிட்டு அண்ணாந்து பாத்துக்கிட்டு நிப்பாங்க. நான் பொறந்ததுலேருந்து விமானம் ஏறினதில்ல. ஏறினா இதுல ஏறணும். மேலேருந்து மலையப் பாக்கணும், எங்க மாடியப் பாக்கணும், மாடியில நிக்கற எங்கம்மாவப் பாக்கணும். அவ்ளோதாங்க என் ஆசை.

கொச்சிக்கு எதுக்கு ஹைதராபாத்?

சர்வீஸ் இன்ஜினியர் ஒருத்தர் போன் பண்ணாரு. கொச்சியில ஒரு பேக்டரியில மோட்டார் நின்னு போச்சு, மறுநாளே போகணும். நேர் விமானத்துல ஏறினா கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள கொச்சி. ஆனா அது நம்ம பதினொரு மணிக்காரன், ஆகாதவன். நம்ம விமானத்துல கொச்சிக்குப் போகணும்னா அன்னிக்கு ஹைதராபாத் போய், அங்க பாதிப் பொழுது உக்காந்து, அப்புறந்தான் கொச்சி. மேலே ஏறி வடக்கால போய், திரும்பித் தெக்கால வரணும். தலையச் சுத்தி மூக்கத் தொடறதுன்னு சொல்லுவாங்களே, அதுதான் இது.

நான் எப்பவும் சொல்ற வசனத்தச் சொன்னேன்: "சார், உங்க கஷ்டம் புரியுதுங்க. ஆனா பாலிசின்னு ஒண்ணு இருக்கே." அந்த நேரம் பாத்து என் ஜன்னலுக்கு மேல அந்த விமானம் சத்தம் போட்டுக்கிட்டே போச்சு. அவரு ரொம்ப சாந்தமா கேட்டாரு: "ஏம்மா, கொச்சியில மோட்டார் ரிப்பேர்னா, ஹைதராபாத்ல நான் எறங்கி பிரியாணி சாப்பிட்டா அது ஓடிடுமா?"

இன்னும் ஒரே ஒரு ஏத்தம்

விற்பனைப் பிரிவு மேனேஜர் ஒருத்தர் ஆகாத விமானத்துல சொந்தக் காசுல பறந்து பறந்து பாயின்ட் சேத்து வச்சிருந்தாரு. இன்னும் ஒரே ஒரு தடவை அதுல ஏறிட்டாருன்னா அவரு கார்டு வெள்ளியிலேருந்து தங்கமா மாறிடுமாம். தங்கம்னா ஏர்போர்ட்ல தனி ரூமு, மெத்து மெத்துன்னு சோபா, சூடா இட்லி. அத அவரு சொல்லச் சொல்ல எனக்கே தூக்கம் சொக்குச்சு.

காலையில கெஞ்சினாரு, மத்தியானம் கெஞ்சினாரு, டீ டைமுக்குக் கெஞ்சினாரு. "நம்ம விமானத்துல உங்க நேரத்துக்கே சீட்டு இருக்குங்க சார், விலையும் கம்மி, நான் என்னன்னு சொல்லி மாத்தறது?"னு கேட்டேன். பாவம், மனுஷன் பெருமூச்சு விட்டது ஹெட்போன்ல காத்து மாதிரி அடிச்சுது. கடைசியில சொன்னாரு: "பொண்ணு கேட்டுப் போனப்போ எங்க மாமனார்கிட்டகூட நான் இவ்ளோ கெஞ்சலம்மா."

எந்த விமானமா இருந்தா என்ன

ரமணாசிரமம் பக்கத்துல ரூம் எடுத்துத் தங்கியிருக்கற வெளிநாட்டுக்காரங்களும் எங்ககிட்ட டிக்கெட் போட வருவாங்க. அவங்களுக்குப் பாலிசி கெடையாது, பிடிச்சதுல போகலாம். ஒரு நாள் வெள்ளைத் தாடியோட ஒருத்தர் வந்தாரு. பல வருஷமா இங்கயே இருக்காரு, தமிழ் நம்மளவிட நிதானமா பேசுவாரு. விசா முடிஞ்சிடுச்சு, ஊருக்குப் போய் வரணும்.

ஆசையாசையா எல்லா விமானத்தையும் ஸ்கிரீன்ல காட்டினேன். இதுல கால் நீட்டலாம், இதுல சாப்பாடு நல்லாருக்கும், இதுல ஜன்னல் பெருசுன்னு, நானே ஏறப் போற மாதிரி. அவரு ஸ்கிரீனப் பாக்கவே இல்ல, திரும்பி ஜன்னல்ல மலையப் பாத்துக்கிட்டிருந்தாரு. அப்புறம் சிரிச்சுக்கிட்டே சொன்னாரு: "எதுல வேணும்னாலும் போடுங்க அம்மா. உடம்புதானே போகப் போகுது, நான் இங்கதானே இருப்பேன்."

அவரு படி எறங்கிப் போனதும் கவிதா எங்கிட்ட குனிஞ்சு கேட்டா: "இவர மாதிரி நாலு பேரு மோட்டார் கம்பெனியில சேந்தா நம்ம தொண்டை தப்பிக்கும், இல்லக்கா?"

பாலிசி எழுதினவரு

அந்த நேரத்துலதான் எனக்கு ஒரு அதிர்ஷ்டம் அடிச்சுது. மோட்டார் கம்பெனி கொச்சியில ஒரு மீட்டிங் போட்டு, எங்க ஆபீஸ்லேருந்து ஒருத்தர வரச் சொன்னாங்க. டிக்கெட் அவங்க செலவு. எங்க முதலாளி என்னைப் போகச் சொல்லிட்டாரு. கொச்சிங்க! எனக்கு அன்னிக்கு டிபன் பாக்ஸத் தொறக்கவே தோணல. ஆனா அவங்க செலவுன்னா அவங்க பாலிசி. நேர் விமானத்துல போகணும்னா அவங்க நிதி மேனேஜர் பத்மநாபன் சார் சரின்னு சொல்லணும். அந்தப் பாலிசிய எழுதினதே அவருதான்.

பௌர்ணமி அன்னிக்கு சாயங்காலம் அவரே வந்து நின்னாரு. கிரிவலம் வந்திருக்காரு, எங்க ஆபீஸ் அந்த வழியிலதான இருக்கு. செருப்பில்லாத கால், நெத்தி நெறைய திருநீறு, தோள்ல துண்டு. கீழ ரோடு முழுக்க ஜனங்க, தண்ணி ஓடற மாதிரி போய்க்கிட்டே இருக்காங்க. மோர் குடுத்து உக்கார வச்சேன். இத விட்டா நேரம் கெடைக்காதுன்னு விஷயத்தச் சொல்லிட்டேன். விமானம் எங்க ஊருக்கு மேல போறத, எங்கம்மா மாடியில நிக்கறத, எல்லாத்தையும். நேர் விமானம் விலை கொஞ்சந்தான் ஜாஸ்தி, அந்த வித்தியாசத்த நானே குடுத்துடறேன்னும் சொன்னேன். அவரு கடைசி வரைக்கும் பொறுமையா கேட்டாரு. நல்ல மனுஷன், ஆனா டம்ளரக் கீழ வச்சுட்டு மலையக் காட்டி சொன்னாரு: "இவ்ளோ பேரும் எதுக்கும்மா நடக்கறாங்க? இந்த ஊர்ல பொறந்துட்டு, சுத்திப் போனாத்தான் புண்ணியம்னு உனக்கு நான் சொல்லணுமா?"

கவிதா போட்ட டிக்கெட்

நம்ம டிக்கெட்ட நாமளே போடக் கூடாதுங்கறது எங்க ஆபீஸ் ரூல். கவிதா போட்டா. சென்னையிலேருந்து பெங்களூரு, பெங்களூர்லேருந்து கொச்சி. எங்க ஊர்லேருந்து பெங்களூருக்குப் பஸ்ஸே இருக்குங்க! கெழக்கால சென்னைக்குப் போய், திரும்பி மேக்கால பறந்து பெங்களூர் போகணும். நேரா பெங்களூருக்கு பஸ்ல போய் அங்க ஏறிக்கறேனேன்னு கேட்டேன். மொத விமானத்துல ஏறலன்னா ரெண்டாவது டிக்கெட் செல்லாது. அந்த விதிய ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுத்தவளே நான்தான். அப்ப தனிக் காசு ஆனாலும் ஜன்னல் சீட்டாவது போடுடின்னேன். கவிதா ஹெட்போன சரி பண்ணிக்கிட்டு, என் குரல்லயே சொன்னா: "மேடம், உங்க கஷ்டம் புரியுதுங்க. ஆனா பாலிசின்னு ஒண்ணு இருக்கே."

வீட்ல அதுக்குள்ள ரகளையே நடந்துருச்சு. கொச்சின்னு சொன்ன அன்னிக்கே எங்கம்மா தெரு முழுக்க சொல்லிட்டாங்க. எம்பொண்ணு நம்ம தலைக்கு மேல போகப் போறா, எல்லாரும் மாடிக்கு வந்துடுங்கன்னு. உக்கார வச்சு சொன்னேன்: "அம்மா, நான் போறது அந்த விமானம் இல்ல. பெங்களூர் வழியா போறேன். நம்ம ஊரு மேல வர மாட்டேன்." அவங்க என்னை ஒரு மாதிரி பாத்தாங்க, சின்னப் புள்ளைக்கு ஜுரம் வந்தாப் பாப்பாங்களே, அப்படி. அப்புறம் சொன்னாங்க: "எந்த வழியாப் போனா என்னடி, மேலதானே போகப் போற? அண்ணாந்து பாத்தா தெரியப் போகுது."

அம்மா பாத்தது

மொத விமானப் பயணம் எப்படி இருந்துச்சுன்னு கேக்காதீங்க. நடு சீட்டு. ஜன்னல் ஓரத்துக்காரரு திரைய எறக்கி விட்டுட்டுத் தூங்கிட்டாரு. எழுப்ப மனசு வரல, அவரும் யாரோ ஒரு பாலிசிக்காரரா இருக்கலாம். மேல போனமா கீழ வந்தமான்னே தெரியல. பெங்களூர்ல எறங்கி, அடுத்த விமானத்துக்கு ரொம்ப நேரம் இருக்குன்னு கண்ணாடிச் சுவத்து ஓரமா உக்காந்துட்டேன்.

மணி பதினொண்ணு ஆச்சு. இந்நேரம் மலைக்குப் பின்னால சத்தம் கெளம்பியிருக்கும்னு நெனச்சேன். கண்ண மூடினேன். குளத்துல தண்ணி மின்னுது, கோபுரம் கை வெரல் அளவுக்குத் தெரியுது, கொடியில எங்க வீட்டுத் துணி ஆடுது. உண்மையாவே அங்க போயிட்டேங்க. அப்போ போன் அடிச்சுது. விமானத்துக்குள்ள போன் எடுக்க முடியாதுன்னு எங்கம்மாவுக்கு யாரு சொன்னா? பின்னால பக்கத்து வீட்டுக்காரங்க கூச்சல், யாரோ கை தட்டற சத்தம். அம்மாவுக்கு மூச்சு வாங்குது. "பச்ச துப்பட்டாவ ஆட்டினேனே, பாத்தியாடி?"

நான் பெங்களூர்ல பெஞ்சுல உக்காந்திருக்கேன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன். கண்ணு ரெண்டும் பொலபொலன்னு கொட்டுது. எதுக்க உக்காந்திருந்த யாரோ ஒரு லேடி கைப்பையில டிஷ்யூ தேட ஆரம்பிச்சுட்டாங்க. "பாத்தேம்மா, நல்லா தெரிஞ்சுது, மாடிக்கு நடுவுல நின்னீங்க"னு சொன்னேன். அம்மா பக்கத்துல இருந்தவங்ககிட்டத் திரும்பி "பாத்துட்டாளாம், பாத்துட்டாளாம்"னு கத்தினாங்க. அப்புறம் கொரல எறக்கி, எனக்கு மட்டும் கேக்கற மாதிரி சொன்னாங்க: "தெரியுண்டி. மலை கிட்ட வந்ததும் பைலட்டு ரெக்கைய லேசா சாச்சாரே, அப்பவே நெனச்சேன், எம்பொண்ணு சொல்லித்தான் சாய்க்கிறாருன்னு."

பாலிசி என்னை ஏத்தி விட்டது ஒரு விமானத்துல, எங்கம்மா ஏத்தி விட்டது இன்னொண்ணுல. ஜன்னல் சீட்டு கெடைச்சது அம்மா போட்ட டிக்கெட்டுலதான்.