தாய்மாமன் இன்ஜின்: பேர் வந்த கதை

ராசிபுரம் ரோட்டில் எங்கள் பட்டறைக்கு வருகிற பழைய டீசல் கார் இன்ஜினுக்கெல்லாம் இன்று ‘தாய்மாமன்’ என்றுதான் பேர். ஏன் என்று புதிதாகச் சேருகிறவர்கள் ஆளுக்கொரு கதை கேட்டு வருகிறார்கள். அந்தப் பேர் பிறந்தபோது நான் அந்த வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். ஆகவே நான் சொல்வதை நம்புங்கள்.

1. வாட்ஸ்அப் பத்திரிகை

மல்லசமுத்திரம் சரவணன் விடிந்ததும் போன் போட்டார். “அண்ணா, இன்னிக்குப் பாப்பாவுக்குக் காதுகுத்துங்க. வண்டி ஸ்டார்ட்டே ஆவ மாட்டீங்குது. போயி மச்சானக் கூட்டியாரோணும். ஓடியாங்க!”

போனால், வண்டியைவிடப் பெரிய ரிப்பேர் அங்கே இருந்தது. சரவணனின் மனைவி கோகிலாவின் அண்ணன் தங்கவேலுக்குப் பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்தணும். அந்த மடியையே போனில் கூப்பிட்டால் சும்மா இருப்பாரா? ‘நானும் போன்லயே ஆசீர்வாதம் பண்றேன்’ என்று பதில் போட்டுவிட்டார்.

இன்ஜினில் கோளாறே இல்லை. ஹீட்டர் பிளக் சூடேறும்வரை பொறுக்காமல் சாவியைத் திருகினால் அது கிளம்பாது. பொறுமையாக ஸ்டார்ட் செய்து கொடுத்தேன். “வழியில நின்னா என்னண்ணா பண்றது?” என்று சரவணன் கோகிலாவோடு என்னையும் ஏற்றிக்கொண்டார்.

2. ஹீட்டர்

தங்கவேல் வீட்டில் வெற்றிலைத் தட்டை நீட்டிக் கோகிலா அழுதே விட்டார். “நீ வராட்டி எம்புள்ளைக்குக் காதே குத்த மாட்டேன், அண்ணா.”

தங்கவேல் வந்து முன்சீட்டில் ஏறினார். முகம் மட்டும் இறங்கியே இருந்தது. அவர் மனசு மாறுவதற்குள் கிளம்பிவிட வேண்டுமென்று சரவணன் சட்டென்று சாவியைத் திருகினார். அதற்குள் ஆறிப்போயிருந்த இன்ஜின் முனகிவிட்டுப் படுத்துக்கொண்டது.

“சகுனமே சரியில்லீங்க மாப்ள. நான் எறங்கிக்கறேன்” என்று தங்கவேல் கதவில் கை வைத்தார். கோயிலில் நல்ல நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “ஏனுங்க சரவணா, ஹீட்டர் போட்டுப் பொறுக்காம அடிச்சா எப்படிங்க வரும்? மொறையாக் கூப்புட்டா வராம எங்க போவுது?”

பின்சீட்டிலிருந்து கோகிலா, “அதும் எங்கண்ணனாட்டத்தானுங்க!” என்றார்.

போச்சுடா என்று நினைத்தேன். தங்கவேலின் மீசை துடித்தது. கோபமில்லை, சிரிப்பு!

“போடுங்க மாப்ள, ஹீட்டரு. நானும் சூடாவாம வரமாட்டேன்.”

பொறுத்தோம். சாவியைத் திருகினார். ஒரே அடியில் கிளம்பியது.

3. ஸ்டாப் நாப்

கோயில் வாசலில் சாவியை உருவிய பிறகும் இன்ஜின் தடதடவென்று ஓடியது. இந்த இன்ஜின் சாவிக்கு நிற்காது, ஸ்டாப் நாப் என்கிற குமிழைப் பிடித்து இழுக்க வேண்டும்.

“பாத்தீங்களா, வந்துட்டா லேசுல போவமாட்டோம்!” என்றார் தங்கவேல். காது குத்தியதும் பாப்பா அவர் மடியில் வீறிட்டுக் கத்த, அவரும் கூடவே கண்ணைத் துடைத்துக்கொண்டார். விருந்து முடிந்தும் அவர் கிளம்பவில்லை. “நாப்ப இழுங்கடா!” என்று பந்தியே கத்தியது. ‘தாய்மாமன் இன்ஜின்’ என்கிற பேர் எனக்கு முன்னே பட்டறைக்கு வந்து சேர்ந்திருந்தது.

இப்போது என் பேரனுக்குக் காதுகுத்து. “மச்சானுக்குப் பத்திரிகைய வாட்ஸ்அப்ல போட்டுட்டேன்பா” என்றான் என் மகன்.

“அடப்பாவி!” என்று வெற்றிலைத் தட்டை அவன் கையில் கொடுத்து வண்டியில் ஏற்றினேன். “மொதல்ல ஹீட்டரப் போட்றா.”