பதக்கத்தின் விளிம்பில்

ஒட்டடை அடிக்கும்போது நான் உடைத்த ஃபிரேம் கண்ணாடியை மாற்ற, இன்று அப்பாவோடு பெங்களூர் அடுகோடியில் இருக்கும் ஃபிரேம் கடைக்குப் போனேன்.

ஃபிரேமுக்குள் இருப்பது தாத்தாவின் பர்மா போர்ப் பதக்கம். அவர் போருக்குப் போனதற்கு வேறு அத்தாட்சி ஒன்றும் இல்லை. அவருடைய ஆவணம் கேட்டு இரண்டு வருடமாக ராணுவ அலுவலகத்துக்கு எழுதுகிறோம். சிப்பாய் எண் இல்லாமல் தேட முடியாது என்றே பதில் வருகிறது.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, வரும்போதெல்லாம் "சண்டே பஜார்ல பழைய சாமானோட வாங்கியிருப்பாரு" என்று சிரிப்பார். அப்பா சிரிக்க மாட்டார்.

அப்பாவே எப்போதோ பசை போட்டு வெல்வெட்டில் ஒட்டியிருந்த பதக்கத்தைக் கடைக்கார பாய் மெல்லப் பெயர்த்தார். விளிம்பைத் துடைத்தார்.

"சார், சைடுல ஏதோ நம்பர் இருக்கு பாருங்க. பேரும் இருக்கு."

தாத்தாவின் பெயர்தான். கூடவே அவருடைய சிப்பாய் எண்.

அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டுக் குடித்தார்.

"மறுபடி ஒட்டிடவா சார்?"

"ஐயோ, பசையே வேணாம் பாய். ஓரம் தெரியற மாதிரி மாட்டுங்க. சண்டேக்குள்ள வேணும், நம்ம வீட்டுக்கு மச்சான் வரான்."

எண்ணை ராணுவ அலுவலகத்துக்கு அனுப்பியாயிற்று. இரண்டு வருடமாகத் தேடிய எண் எங்கள் ஹாலில்தான் தொங்கியிருக்கிறது. உங்கள் வீட்டில் எதைப் பத்திரமாக ஒட்டி வைத்திருக்கிறீர்கள்?