கடைசியாகக் கப்பலேறிய சட்டி

எனக்குத் துரோகம் செய்தவன் கார்ப்பரல் சின்னையா. மலாக்கா பக்கம் அலோர் காஜாக்காரன், மலேசிய ராணுவச் சமையல் கூடத்தில் என்னோடு வேலை பார்த்தவன். படை எப்போது கிளம்பினாலும், அடுப்பை அணைக்கிறவன்தான் கடைசி ஆள். கரண்டி பிடித்தே கை காய்த்துப் போனவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

சோற்று ஒப்பந்தம்

தொண்ணூறுகளில் அமைதி காக்க ஆப்பிரிக்கா போயிருந்தோம். திரும்பச் சொல்லி உத்தரவு வந்ததும், திட்டம் போட அதிகாரிகள் என் சாப்பாட்டுக் கூடாரத்தில்தான் உட்கார்ந்தார்கள். துறைமுகச் சாலையை, எங்களோடு அமைதி காக்க வந்திருந்த பக்கத்து ஆப்பிரிக்க நாட்டுப் படை காக்கும். நாங்கள் பிரிவு பிரிவாகக் கப்பலேறுவோம். அந்தப் படையின் கேப்டன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஆனால் நாங்கள் முழுக்கப் போய் முடியும்வரை அவர் ஆட்களுக்குச் சாப்பாடு எங்கள் பொறுப்பு என்றார். எங்கள் மலாய் மேஜர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பீரங்கி முதல்ல போகலாம் மணியம், உன் சட்டி போக முடியாதுலா!"

யார் நிற்பது?

ஒரு சமையல்காரர் நின்றால் போதும். ஊரில், ரெம்பியாவில், என் மூத்த மகளுக்குக் கல்யாணம். முதல் கப்பலில் ஏறினால் முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். அதைச் சொல்ல நான் வாய் திறப்பதற்குள் சின்னையா மேஜரிடம் மலாயில் முந்திக்கொண்டான்: மணியத்தின் மிளகாய்ச் சம்பலுக்காகவே கேப்டனின் ஆட்கள் ரோட்டில் நிற்பார்கள், துவான். மேஜருக்கு அது நியாயமாகப் பட்டது. நான் கல்யாணத்தைச் சொன்னபோது அவர் கூட்டத்தை முடித்து எழுந்துவிட்டிருந்தார். சின்னையா என் தோளைத் தட்டினான்.

"கவலைய விடுங்கண்ணே, முன்னால போயி உங்க எடத்துல நான் நிக்கிறேன்!"

பாயாசம்

முகூர்த்த நாளன்று கிடைத்த பயற்றையும் சீனியையும் போட்டுப் பாயாசம் காய்ச்சினேன். என்ன விசேஷம் என்று கேப்டன் கேட்டார். அரைகுறை இங்கிலீஷில் சொன்னேன். அவர் தன் ஆட்களையெல்லாம் கூப்பிட்டு வரிசையில் நிற்க வைத்தார். பிறகு கோப்பையை என்னிடம் நீட்டினார்.

"அப்படியென்றால் இன்றைக்கு நாங்கள்தான் மாப்பிள்ளை வீடு, நிறைய ஊற்று."

படம்

வீடு வந்ததும் கல்யாண ஆல்பத்தைக் காட்டினார்கள். தாரை வார்க்கும் இடத்தில் சின்னையா. இடுப்பில் எனக்கென்று வாங்கி வைத்த ஜரிகை வேட்டி. ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு நேரே அலோர் காஜாவில் அவன் வீட்டுக்கே போனேன். ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்பான் என்று நினைத்தேன். படத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நல்லாத்தான் விழுந்திருக்கேன், இல்லண்ணே?"

அத்தனை பெரிய படையே திட்டம் போட்டு ஒரு நாட்டை விட்டு விலகி வந்துவிட்டது, சம்பந்தி வீட்டில் இன்றைக்கும் முதல் பந்தியில் உட்காருகிற சின்னையாதான் என் இடத்தை விட்டு விலகவுமில்லை, அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவுமில்லை.