முப்பத்தேழு சார்

ஜன்னல் வழியாக நீட்டப்படும் டப்பாவை அவர் மேசையில் வைப்பதில்லை. வாங்கிய கையோடு சட்டையின் இரண்டாவது பொத்தானைக் கழற்றி, டப்பாவை உள்ளே விட்டு அக்குளில் இடுக்கிக்கொள்கிறார். பெயர் எழுதுவது, நேரம் குறிப்பது, ரப்பர் ஸ்டாம்பைத் தேடுவது எல்லாம் இன்னொரு கையால். கொண்டுவந்தவர் கூச்சத்தில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவரிடம் கேட்கிற முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "பையில வச்சு எடுத்துட்டு வந்தீங்களா, உடம்போட ஒட்டி வச்சிருந்தீங்களா?" பையில் என்று பதில் வந்தால் முகம் சுண்டிவிடும். "குளிர்ந்து போயிருக்குமேங்க" என்பார், தன் காபி ஆறிவிட்டதுபோல.

குழந்தையில்லாதவர்களுக்கு வைத்தியம் பார்க்கிற அந்த ஆஸ்பத்திரியில், விந்துப் பரிசோதனை அறை இருபத்தாறு வருடமாக அவர் ராஜ்ஜியம். தட்டு, கண்ணாடிச் சில்லு, சொட்டு மருந்துக் குழாய்வரை எல்லாமே முப்பத்தேழு டிகிரியில் இருக்கவேண்டும் என்பது அங்கே சட்டம். "முப்பத்தேழு இருக்கா?" என்று கேட்டுக் கேட்டே அது அவர் பெயராகிவிட்டது. நர்ஸுகள் நேரிலேயே முப்பத்தேழு சார் என்கிறார்கள். அது சூடா, வயதா என்று புதிதாக வந்தவர்கள் கேட்டால், இரண்டும்தான், பதினைந்து வருடமாக இரண்டும் ஏறவேயில்லை என்று அவரே பதில் சொல்வார். உண்மையான வயது ஐம்பத்திரண்டு. தலையில் மிச்சமிருக்கிற முடியைப் பார்த்தால் அதைவிடக் கூடவே மதிப்பிடத் தோன்றும்.

சென்ற வருடம் டாக்டரம்மா ஒரு புதுச் சாதனம் வாங்கினார். இரண்டு சின்னக் கிண்ணங்கள், நடுவே நூல் கனத்தில் ஒரு குழாய். ஒரு கிண்ணத்தில் சூடு கொஞ்சம் குறைவு, மற்றதில் மூன்று டிகிரி கூடுதல். விந்தணுக்களைக் குறைந்த பக்கம் விட்டால், வழி தெரிந்தவை சூடான பக்கம் நீந்தி வந்துவிடும். பெண்ணின் உடம்புக்குள்ளும் அப்படித்தான் நடக்கிறது என்று நினைக்கிறார்கள். முயலின் கருக்குழாயில் அளந்து பார்த்ததில், முட்டை காத்திருக்கும் இடம் மற்ற இடத்தைவிட ஓரிரு டிகிரி சூடாக இருந்ததாம். ஒரு விந்தணு தன் உடல் நீளத்துக்கு நீந்துவதற்குள் ஏறுகிற சூடு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அந்த அற்ப வித்தியாசத்தையும் அது உணர்ந்துவிடுகிறது. நம் கண் வெளிச்சத்தைப் பிடிப்பதற்கு வைத்திருக்கிற அதே வகைப் புரதம் அதனிடமும் இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னபோது முப்பத்தேழு சாருக்குத் தலைகால் புரியவில்லை. "கண்ணே இல்லாம சூட்டைப் பாக்குதுய்யா" என்று வாட்ச்மேன்வரை சொல்லித் தீர்த்தார்.

முதல் வாரம் ஒன்றுகூட அந்தப் பக்கம் போகவில்லை. சாதனம் ஓட்டை என்று கம்பெனிக்காரனைக் கூப்பிட்டு ஒரு பாட்டம் திட்டியும் ஆயிற்று. பிறகுதான் விஷயம் தெரிந்தது. பழக்கதோஷத்தில் இவர் சாதனம் முழுவதையும் முப்பத்தேழு டிகிரிப் பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தார். எல்லாப் பக்கமும் ஒரே சூடு என்றால் அதுகள் பாவம் எந்தப் பக்கம் என்று போகும்! இப்போது ஒழுங்காக நடக்கிறது. வந்து சேர்பவை பத்தில் ஒன்றுகூட இல்லை. வந்தவற்றை எண்ணுவது அவர் வேலை. வராதவற்றைக் கொட்டுவதற்கு முன் லென்ஸில் ஒருமுறை பார்த்துவிடுவது அவராக வைத்துக்கொண்ட பழக்கம். அதை யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

வீட்டில் அவர் மட்டும்தான். அம்மா போய் ஏழு வருடமாகிறது. கட்டிலை ஜன்னலோரத்திலிருந்து இழுத்து உள்சுவரை ஒட்டிப் போட்டிருக்கிறார். சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அடுப்பு. சாயங்காலம் அவர்கள் சமைக்க ஆரம்பித்தால் சுவர் மெல்லச் சூடேறும். முதுகைச் சாய்த்துக்கொண்டு பேப்பர் படிப்பார். பாத்திரம் உருளும், யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிடுவார்கள். அவர்கள் ஊருக்குப் போய்விட்டால் இவருக்கு இருப்புக்கொள்ளாது. விடுமுறை நாளென்றும் பாராமல் ஆஸ்பத்திரிக்கு வந்து, ஏற்கெனவே பளபளக்கிற லென்ஸைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

அவருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. மூன்று வருடம் கழிந்தும் குழந்தை இல்லை என்று அம்மா ஜாடையாகப் பேசத் தொடங்கிய சமயம், ஒரு மதிய இடைவேளையில் அவர் தன் விந்திலேயே ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடிச் சில்லில் வைத்துப் பார்த்தார். காலியாக இருந்தது. மிச்சத்தை இயந்திரத்தில் சுழற்றி, அடியில் தங்கியதை எடுத்துப் பார்த்தார். அதிலும் ஒன்றுமில்லை. அறையில் வேறு யாரும் இல்லை, ரிப்போர்ட் புத்தகம் கையெட்டும் தூரத்தில் இருந்தது. ஆறு கோடி என்று எழுதி, அவரே கையெழுத்தும் போட்டார். அம்மா அந்தத் தாளைச் சொந்தக்காரர் வீடு வீடாகக் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் மனைவி இரண்டு வருடம் ஊசியும் மாத்திரையுமாக அலைக்கழிந்து, கடைசியில் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். இப்போது வேறொரு ஊரில் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். அவள் வீட்டார் இன்னொரு கல்யாணத்துக்கு வற்புறுத்தியபோது, இன்னொருத்தர் வாழ்க்கையையும் கெடுக்கவேண்டாம் என்று மறுத்துவிட்டாளாம். அதைக் கேள்விப்பட்ட அன்று அவர் சாப்பிடவில்லை. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை காலை லிஃப்ட் மெக்கானிக் ஒருவன் ஜன்னலுக்கு வந்தான். இரண்டாவது பரிசோதனையும் முடிந்திருந்தது. முதலாவதைப் போலவே இதிலும் ஒன்றுமில்லை. வெளியே நாற்காலி வரிசையில் அவன் அம்மா, எங்கள் வம்சத்தில் யாருக்கும் இப்படியொரு குறை கிடையாது என்று பக்கத்து நாற்காலிக்காரியிடம் பேசிக்கொண்டிருந்தாள். இரண்டு நாற்காலி தள்ளி அவன் மனைவி பையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மெக்கானிக் ஜன்னலுக்குள் தலையை நுழைத்தான்.

"சார், அம்மா படிக்கறதுக்கு மட்டும் ஒரு பேப்பர். ஏதாவது ஒரு எண்ணு போட்டுக் குடுங்க. டாக்டர்கிட்ட நான் நெஜத்தைச் சொல்லிக்கறேன்."

வழக்கமாக இதற்கு அவரிடம் ஒரு சீறல் இருக்கும். அன்று வரவில்லை. அவர் அவனை விட்டுவிட்டு நாற்காலி வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் ஒரு தடவை அப்படி எழுதியிருக்கேன் தம்பி" என்றார் மெதுவாக. "எனக்கே எழுதிக்கிட்டேன். ஆறு கோடின்னு. எம் பொண்டாட்டி, குறை தன்கிட்டதான்னு நெனச்சுக்கிட்டு இன்னிக்கு வரைக்கும் தனியா இருக்கா."

அவர் ரிப்போர்ட்டை உறையில் போடாமல் திறந்தபடியே நீட்டினார். டாக்டரம்மாவைப் போய்ப் பார், வழி இருந்தாலும் இருக்கும், ஆனால் முதலில் அந்தப் பெண்ணிடம் சொல் என்றார். அவன் வாங்கிக்கொண்டு நடந்தான். அம்மா கை நீட்டினாள். அவன் அவளைத் தாண்டிப்போய் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து, தாளை அவள் மடியில் வைத்தான். அவள் படித்தாள். இன்னொரு முறை படித்தாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்க அழுதாள். ஆறுதல் கிடைத்தவர்கள் அப்படித்தான் அழுவார்கள். அவருக்கு அது தெரிந்தது. தன்னால் ஒருத்திக்கு அந்த அழுகைகூடக் கிடைக்காமல் போயிற்று என்பதும் தெரிந்தது.

ஜன்னலைச் சாத்தினார். புதுப் படிவம் ஒன்றை எடுத்து, பெயருக்கு நேரே தன் பெயரை எழுதினார். எண்ணிக்கைக்கு நேரே "இல்லை" என்று எழுதினார். பரிசோதித்த தேதிக்கு அந்தப் பழைய மதியத்தின் தேதியைப் போட்டார். அது அவருக்கு மனப்பாடம். கையெழுத்திட்டு, மடித்து உறையில் வைத்து ஒட்டினார். அவள் பள்ளிக்கூடத்தின் முகவரியைத் தடுமாறாமல் எழுதினார். அதற்கு மேலே அவள் பெயரை எழுதப்போனபோதுதான் பேனா நின்றது. அவள் இனிஷியல் இப்போதும் இவர் பெயரின் எழுத்துதானா, அவள் அப்பாவின் எழுத்துக்கே திரும்பிவிட்டாளா என்று அவருக்குத் தெரியவில்லை. ஓர் எழுத்துக்கு இடம் விட்டுவிட்டுப் பெயரை எழுதினார்.